மூன்றாவது ஹார்ன்

திரையில் ஒரு மேடு அதிகமாக இருந்தது.

ஹேமநாத் மடிக்கணினியை அருகே இழுத்து மறுபடி பார்த்தான். அவன் செய்துகொண்டிருந்தது எளிய சோதனைதான். ஸ்பீக்கரின் கம்ப்ரஷன் டிரைவர் பின்னாலிருந்து ஒலியைத் தள்ளும். அதன் முன்னால் மாட்டிய, புனல்போல வாய் அகன்ற ஹார்ன் அதை அறைக்குள் விரிக்கும். அடிக்குரலிலிருந்து கீச்சுக்குரல்வரை ஏறும் ஒரு விசிலை அதன் வழியாக விட்டு, நடுக்கூடத்தில் நாற்காலிமேல் வைத்த மைக்கில் வாங்கிப் பார்ப்பான். நேராக வந்த ஒலி திரையில் முதல் மேடு. தரையில் பட்டுத் திரும்பியது இரண்டாவது. எதிர்ச்சுவரில் பட்டது மூன்றாவது. எத்தனை அடி தூரத்தில் பட்டது என்பதையும் கணினியே சொல்லிவிடும். முதல் இரண்டு ஹார்ன்களுக்கும் மூன்றே மேடுகள். இந்த மூன்றாவதற்கு மட்டும் நான்கு. ஹார்னிலிருந்து ஒன்பதடியில் எதிலோ பட்டு ஒலி திரும்பியிருந்தது.

ஒன்பதடியில் எதுவும் இல்லை. சிவப்புத் தரைமேல் மேற்கூரைக் கண்ணாடி வழியாக விழுந்த பதினோரு மணி வெயில் மட்டும் கிடந்தது.

அன்று அமாவாசை, தறிக்கு விடுமுறை. மற்ற நாட்களில் தெருவே விசைத்தறிகளின் தடதடப்பில் அதிரும்; சுவரில் கை வைத்தால் உள்ளங்கை கூசும். மாதத்தில் இந்த ஒரு நாள்தான் அளவெடுக்க முடிந்த அமைதி. அதற்காகவே கூடத்திலிருந்த சோபா, பீரோ எல்லாவற்றையும் விடியலிலேயே நகர்த்தியிருந்தான். சாயப்பட்டறைப் பக்கமிருந்து வந்த புளித்த நெடியும், சமையலறையில் வேகும் துவரம்பருப்பின் மணமும், பழைய ஹார்னின் மரத்திலிருந்து எழுந்த ஈரச்சாக்கு வாடையும் அந்த வெற்றுக் கூடத்தில் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே நின்றன.

இத்தனையும் ஸ்வர்ணலதாவுக்காக. பதினாறு வருஷம் நான்கு தறிகளுக்கு நடுவே நின்ற அவன் மனைவிக்கு, கீச்சுக்குரல் எதுவும் இப்போது காதில் விழுவதில்லை. குக்கர் விசில் கேட்காது. முகத்தைப் பார்க்காமல் பேசினால் பாதி எழுத்துகள் போய்விடும். சிறுவயதில் வீணை கற்றவள். "இப்ப வீணை கேட்டா, பக்கத்து ரூம்ல யாரோ பெட்டிய நகத்தற மாதிரி இருக்குங்க" என்று அவள் ஒருநாள் சிரித்தபடி சொன்னாள். அவளுக்குத் தெளிவாகக் கேட்கும் ஒரு ஹார்னைத் தேட அன்றே தொடங்கினான். முதல் ஹார்னின் டிரைவரில் டைட்டானியம் தகடு. ஒலி பளிச்சென்று இருந்தது, ஆனால் அவள் முகம் சுளித்தாள். இரண்டாவது மென்மை, ஆனால் அறையெங்கும் சிதறி எழுத்துகளைக் குழப்பியது. மூன்றாவதை தேசூரில் பிரித்த ஒரு டூரிங் கொட்டகையிலிருந்து சவுண்ட் சர்வீஸ் தென்னரசு கொண்டுவந்தான். தேக்கு ஹார்ன், இரண்டு அங்குலத் தொண்டை, பின்னால் அலுமினியத் தகடு வைத்த கனத்த டிரைவர்.

மைக்கை ஓரடி நகர்த்தி விசிலை மறுபடி விட்டான்.

நான்காவது மேடு ஆறடிக்கு வந்திருந்தது.

மைக் நகர்ந்ததால் இருக்கும் என்று நினைத்தான். ஆனால் எதிர்ச்சுவரின் மேடு அப்படி நகரவில்லை. தரையின் மேடும் நகரவில்லை. எழுந்துபோய் ஆறடியில் நின்று கையை நீட்டித் துழாவினான். காற்றுதான். முழங்கை வரை மட்டும் சில்லென்ற காற்று.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். இரண்டாவது ஹார்னை மாட்டி அளந்தான், மூன்று மேடுகள். திரும்ப மூன்றாவதை மாட்டினான். நிறுத்தியிருக்கலாம். ஆனால் தெரியாமல் விட்டால் அது எங்கே நிற்கிறது என்ற கேள்வியோடு இந்த வீட்டிலேயே இரவு படுக்க வேண்டும்.

விசில் ஏறி முடிந்தது.

மூன்றடி.

இன்னொரு முறை.

ஓரடி. அவன் ஹார்னுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கழுத்தைத் திருப்பவில்லை. விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது.

மூன்று மேடுகள். நான்காவது இல்லை.

நீண்ட மூச்சு விட்டான். ஒயரில் ஏதோ கோளாறு, அவ்வளவுதான். முகத்தில் வழிந்த வியர்வையைத் துண்டால் துடைத்தான்.

"வந்துட்டேங்க, எதுக்கு இப்டி கூப்ட்டுகினே இருக்கீங்க?"

ஸ்வர்ணலதா சமையலறை வாசலில் நின்றாள். கையில் பாதி நறுக்கிய வாழைக்காய்.

"நான் கூப்பிடலியே ஸ்வர்ணா."

அவள் அவன் உதடுகளைப் பார்க்கவில்லை. ஹார்னைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"அய்யோ... எவ்ளோ தெளிவா கேக்குதுங்க! ஒவ்வொரு எழுத்தும் கேக்குது!" கண்களில் நீர் முட்டியது. வாழைக்காய் தரையில் விழுந்து உருண்டது. "இதாங்க. இதையே வெச்சிக்கலாம்."

அறையில் எந்தச் சத்தமும் இல்லை. ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல்கூட இல்லை.

"என்ன கேக்குது?"

அவள் ஹார்னின் முன்னால் மண்டியிட்டு, இடது காதை அதன் வாய்க்குள் வைத்தாள். தலையாட்டினாள். எதற்கோ சிரித்தாள்.

ஹேமநாத் ஒயரைப் பிடுங்கினான். அவள் சிரிப்பு நிற்கவில்லை.

பின்பக்கம் ஓடி டிரைவரின் மரைகளைத் திருகினான். விரல் வழுக்கியது. நகம் பிய்ந்தது. கனத்த டிரைவர் கழன்று அவன் மடியில் விழுந்தது. இனி அது வெறும் மரம். இரு பக்கமும் திறந்த மரக்குழல். அவ்வளவுதான்.

"ஆமாங்க," என்றாள் அவள். அவனிடம் அல்ல. "அவரும் இங்கதான் இருக்காரு."

"ஸ்வர்ணா, ஏந்திரி. ஜல்தி!"

தோளைப் பற்றி இழுத்தான். அசையவில்லை. நாற்பத்தெட்டு கிலோ உடம்பு தரையில் ஊன்றிய கல்போல இருந்தது.

அப்போதுதான் பார்த்தான். அவள் காதோர முடி ஹார்னுக்குள் நீண்டு, விறைத்து நின்றது. காற்று இழுப்பதுபோல. பிறகு மொத்தப் பின்னலும் தோளிலிருந்து எழுந்தது. மெதுவாக உள்ளே போகத் தொடங்கியது.

பின்பக்கத் தொண்டையில் கண்ணை வைத்துப் பார்த்தான். இரண்டு அங்குலத் துளை. மறுபுறம் அவள் கன்னம் தெரிய வேண்டும். வெயில் தெரிய வேண்டும்.

இருட்டு.

கையை வைத்துப் பார்த்தான். எதுவும் வெளியே வரவில்லை. ஒரு முடிகூட.

முன்னால், பின்னலின் நுனியிலிருந்த சிவப்பு ரிப்பன் ஹார்னின் விளிம்பைத் தாண்டி உள்ளே மறைந்தது. தலை அதன் பின்னால் சாய்ந்தது. காது. கன்னம். கண்கள் திறந்தே இருந்தன, சந்தோஷத்தில் நனைந்து.

"ம்," என்றாள் ஸ்வர்ணலதா. "வரேன்."