மரநாய் தொடாத பழம்

"அண்ணே, மூணு மணி ஜீப்புல எம்புருசனக் கொண்டுபோயிருவாங்க. வெரசா வாங்கண்ணே!"

1954, ஐப்பசி. போடியில் ராக்கையாவின் வாசலில் நின்று செல்லத்தாய் அழுதாள். அவள் கணவன் சோணை மலைமேல் ஏலத்தோட்டத்துக் காவல்காரன். முந்தின இரவு அங்கே ஏலக்காய் மூட்டை ஒன்று களவு போயிருந்தது.

ராக்கையா காட்டிலாகாவில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். துப்புத் துலக்குவதில் கெட்டிக்காரர். கூடவே கிளம்பிய மைத்துனன் வெள்ளைத்துரைக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. தோட்டம் போய்ச் சேரும்போதே மணி இரண்டு.

தோட்டத்திலிருந்து வெளியேற இரண்டே வழி. மூட்டைகள் சேர்ந்துவிட்டதால், நேற்றுத்தான் முதன்முதலாக வழிகளுக்குக் காவல் போட்டிருந்தார்கள். ஓடை வழியில் சோணை. மேட்டு வழியில் கங்காணி பொன்னுமணி.

"சாயங்காலம் மழை விட்டதுலருந்து விடியுற வரைக்கும் மேட்டுப் பாறைய விட்டு நான் அசையல. ஒரு ஈ காக்கா போகல. அப்ப மூட்டை எந்த வழியாப் போச்சு?" என்றான் பொன்னுமணி.

"என் வழியாவும் போகலய்யா" என்றான் சோணை. சோணையைக் கொண்டுபோக வந்திருந்த போலீஸ் ஏட்டையா கடிகாரத்தைப் பார்த்தார்.

ராக்கையா நிதானமாக ஓடை வழிக்குப் போய்ச் செடிகளுக்கடியில் குனிந்து பார்த்தார். பிறகு எல்லோரையும் மேட்டுப் பாறைக்கு அழைத்துவந்து, அங்கேயும் குனிந்தார். வெள்ளைத்துரைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"மச்சான், மணி ரெண்டே முக்கால்! தக்காளி பொறுக்கவா வந்தோம்?"

"ஆமாய்யா" என்றார் ராக்கையா. "ஏட்டையா, ரெண்டு எடத்துலயும் சொடக்குத் தக்காளி, தானா மொளைச்ச காட்டுச் செடி. பழுத்து உதிர்ந்தா அன்னைக்கு ராத்திரியே மரநாய் தின்னு தீர்த்துரும். ஆள் வாடை அடிச்சா கிட்ட அண்டாது, விடிஞ்சா தலைகாட்டாது. ஓடை வழியில ஒரு பழம் தொடல. சோணை அங்கதான் இருந்திருக்கான். இங்க பாருங்க, வெறும் தோலு. பாறை மேலயே விட்டை, அதுல தக்காளி விதை. மழைக்கு முந்தினதுன்னா கரைஞ்சிருக்கும். கங்காணி, நீ உக்காந்திருந்த எடத்துலயா அது வந்து போச்சு?"

பொன்னுமணியின் பார்வை மேட்டுக்கு அப்பாலிருந்த புதர்ப் பக்கம் ஓடியது. இதற்காகவே காத்திருந்தவன்போல வெள்ளைத்துரை பாய்ந்தான். மூட்டை அங்கேதான் கிடந்தது.

ஜீப்பில் பொன்னுமணி ஏறினான். செல்லத்தாய் கணவனின் கையைப் பிடித்தபடி விம்மினாள்.

"ராத்திரி பூரா பசிச்சிருக்குமே. கைக்கெட்டுற பழத்த நீயாவது தின்னிருக்கலாமேய்யா?" என்று கேட்டார் ராக்கையா.

"அது அதுக சாப்பாடுய்யா" என்றான் சோணை. "இன்னைக்குக் கொஞ்சம் தள்ளி உக்காரணும். நேத்து என்னால பட்டினி கெடந்திருக்கும்."