முனகாத இறக்கை

கோயம்புத்தூரில் அப்போது முனகாத பொருளே கிடையாது. பஸ் அச்சு தேய்ந்தால் முனகும். மேம்பாலத்தில் கீறல் விழுந்தால் முனகும். வாஷர் தளர்ந்த குக்கர்கூட விசிலுக்கு முன்னால் "ம்ம்ம்" என்று வீட்டுக்காரியைக் கூப்பிடும். எல்லாம் நோவுலோகத்தின் புண்ணியம். உலோகத்துக்குள் ஓடும் நரம்பிழைகள் எங்கே வலிக்கிறது என்று சொல்லும். நோவறி என்கிற பொட்டளவு மூளை அதைக் குரலாக்கும். காலத்தில் சொல்லிவிட்டால் வைத்தியம் பார்க்க என்ன கஷ்டம்? ஆஸ்பத்திரிகளில் எலும்பு முறிவு வார்டு ஈயோட்டிக்கொண்டிருந்தது.

அந்த உலோகத்தில் விமான இறக்கை செய்வதுதான் பல்கலைக்கழக வானூர்தித் துறையில் கோகிலவாணியின் முனைவர் பட்ட ஆராய்ச்சி. பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள் அல்லவா? படாமலே புத்தி வரட்டும் என்பது அவள் கணக்கு. ஓர் இறக்கை முறிந்தால் அதன் நினைவு முழுவதையும் எடுத்து அடுத்த இறக்கையின் நோவறிக்குள் ஏற்றிவிடுவாள்.

ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இறக்கைகளை இரட்டையாகத்தான் வார்ப்பார்கள். இரண்டின் மேலும் லேசாகப் பாரம் வைப்பார்கள். எது முதலில் முனகுகிறதோ அது முறிமேடைக்குப் போய் ஒடிபடும். சத்தம் போடாதது பறக்கப் போகும். நோஞ்சானை ஒடித்து, திடமானதைப் பறக்கவிடுவது நியாயம்தானே? யாரும் கேள்வி கேட்கவில்லை.

தலைமுறைக்குத் தலைமுறை முனகல் குறைந்துகொண்டே வந்தது. கடைசி இரட்டையில் இரண்டுமே வாய் திறக்கவில்லை. "நோவே இல்லாத இறக்கை!" என்று பேராசிரியர் சிவசுந்தரம் குதித்தார். காசு சுண்டிப் போட்டுத்தான் எது பறப்பது என்று முடிவு செய்தார்கள்.

இன்று அது விமானத்தின் இடது இறக்கையாகப் பறந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவன் மயில்சாமி, கோகிலாவோடு ஒன்றாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவன், தை பிறந்தால் அவளுக்குத் தாலி கட்டப் போகிறவன். ஓடுபாதைப் பந்தலில் தேர்வாளர்கள் இளநீர் குடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஆய்வகத்தில் கோகிலா மட்டும் மற்ற இறக்கையை முறிமேடையில் ஏற்றி, பாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

கால்வாசிப் பாரம். சத்தமில்லை. பாதிப் பாரம். அப்போதும் இல்லை. 'என் ராசாத்தி' என்று அவள் மனசுக்குள் கொஞ்சி முடிக்கவில்லை, படாரென்று இறக்கை இரண்டாக ஒடிந்து விழுந்தது.

"ஐயையோ!"

பாதிப் பாரத்திலா? மயில்சாமி ஒரு வட்டம் அடித்துத் திரும்பினாலே அதைவிட அதிகப் பாரம் ஏறுமே! நரம்பிழைகளின் பதிவை நேராகத் திறந்து பார்த்தாள். திரை முழுக்கச் சிவப்பு. கால்வாசிப் பாரத்திலிருந்தே நரம்பிழைகள் அலறியிருக்கின்றன. நோவறி அத்தனையையும் கேட்டிருக்கிறது. கேட்டு, விழுங்கியிருக்கிறது.

ஏன்? அவள் ஏற்றிய நினைவுகளைப் புரட்டினாள். எல்லா முன்னோருக்கும் ஒரே கதை: முனகியது, ஒடித்தார்கள். அவள் கற்றுக்கொடுத்த பாடத்தை அது ஓர் எழுத்துப் பிசகாமல் படித்திருந்தது.

பந்தலில் இருந்த பேராசிரியரிடம் ஓடினாள். "சார், வண்டிய எறக்கச் சொல்லுங் சார்! றெக்க பொய் சொல்லுதுங் சார்!"

"என்னம்மா கூத்து இது? நோவறிப் பலகை பூராவும் பச்சை காட்டுது. பெரியவங்க உக்காந்திருக்காங்க, மானத்த வாங்காத."

அவள் அவர் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். வாழ்நாளில் அவள் செய்த முதல் மரியாதைக் குறைவு அது.

"மயிலு, திரும்பாத! நேரா எறக்கு! ஒடம்பு நோகாம எறக்கு!"

இரைச்சலுக்கு நடுவே மயில்சாமியின் குரல் வந்தது, சின்னதாக. "எடது பக்கம் ஒதறுதே, அதுக்கா புள்ள?"

"ஒதறுதா? எப்ப இருந்து?"

"ஏறுனதுல இருந்தே ஒதறிட்டுத்தான் இருக்குது."

"அட பாவி! சொல்றதுக்கென்ன?"

"சொன்னா சார் இன்னிக்கு நிறுத்திருவாரு. நம்ம ஆய்வகத்துல கொற சொன்ன நவநீதன வெளிய தூக்கிப் போட்டாரு, மறந்துட்டியா? உன்ற பட்டம் என்னாகறது?"

ஒலிபெருக்கி வழியாக அது பந்தல் முழுவதற்கும் கேட்டது. பேராசிரியர் இளநீரைக் கீழே வைத்தார்.

விமானம் தாழ்ந்தது. சக்கரம் தரையைத் தொட்ட கணத்தில் இடது இறக்கை சத்தமே போடாமல் கழன்று, ஓடுபாதையில் தீப்பொறி பறக்க உருண்டது. விமானம் சரிந்து, சுழன்று, புல்வெளியில் போய் நின்றது. கதவைத் திறந்துகொண்டு மயில்சாமி இறங்கி நான்கு எட்டு நடந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டான். உயிர் இருக்கிறது. கோகிலா ஓவென்று அழுதாள்.

பந்தலில் இருந்த பலகை இன்னும் பச்சையாகவே எரிந்தது. தரையில் கிடந்த இறக்கை, தான் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளிறிப்போயிருந்தார். தன் மாணவர்கள் எல்லோரையும் சுற்றி நிற்கவைத்துக் கேட்டார்.

"நடந்தது நடந்துபோச்சு. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். வேற எதுலயாச்சும், யாருக்காச்சும் ஏதாச்சும் பிரச்சனை இருந்தா இப்பவே சொல்லிருங்க."

கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எஞ்சின் ஆராய்ச்சி செய்கிறவன் செருப்பைப் பார்த்தான். எரிபொருள் தொட்டி ஆராய்ச்சி செய்கிறவள் வானத்தைப் பார்த்தாள். எல்லோரும் பணிவாகத் தலையசைத்தார்கள்.

"ஒன்னும் இல்லீங் சார். எல்லாம் நல்லாருக்குதுங் சார்."