இடக்கைக்கு ஒரு முனை

வாருங்கள், வந்து பாருங்கள் இந்த அநியாயத்தை! எட்டு ஆண்டுகள் ஒரு பெண்ணின் கையோடு தேய்ந்து, அந்தக் கைக்கென்றே சாய்ந்துபோன பேனா முனையை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் உப்புத்தாளில் தேய்த்து நேராக்கிவிட்டான் ஒருவன்!

அவள் கல்லூரிச் சான்றிதழ்களில் பெயர் எழுதுபவள். மழைக்கு ஒதுங்கிய இடம் பேனா பழுது பார்க்கும் கடையாக இருக்கவே, மை கசிந்த தன் பேனாவை நீட்டினாள். கடைக்காரன் உருப்பெருக்கியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிமிர்ந்தான். அந்தப் பார்வையில்... மழைச் சத்தமே ஒரு கணம் ஓய்ந்தாற்போல் இருந்தது அவளுக்கு.

திரும்பி வந்த பேனாவால் எழுதினாள். தாள் கிழிந்தது.

"என்னங்க பண்ணீங்க?"

"கசிவை அடைச்சேன். முனை கோணலா தேஞ்சிருந்துச்சு, நேராக்கிட்டேன். நன்றியெல்லாம் வேணாம்!"

"நன்றியா? நான் இடது கையால எழுதுறவ. அது கோணல் இல்லீங்க, என் கை!"

அவன் முகம் தொங்கியது. ஆனாலும் வீறாப்பு விடுமா? "இடது கைக்கு மைப்பேனா சரிப்படாதுங்க... அப்பிக்கும். பேசாம பால்பாயிண்ட் வாங்கிக்குங்க."

"எங்கப்பா சொன்னார். வாத்தியார் சொன்னார். இப்ப நீங்களும் அந்த வரிசையில போய் நில்லுங்க!"

கொட்டும் மழையில் இறங்கி நடந்தாள். அழுதாளா? இல்லை! மறுநாள் நூலக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது: 'மைப்பேனாவால் எழுதுவோரே, எந்தக் கையரானாலும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசிப்பறைக்கு வாருங்கள். யார் சொன்னாலும் நாம் பேனாவைக் கீழே வைப்பதில்லை.'

ஞாயிறு வந்தது. பல் மருத்துவர் ஒருவரும் பேருந்து நடத்துநர் அக்கா ஒருத்தியும் வந்திருந்தனர். மூன்றாவதாக... அவன்! இடக்கை முழுதும் மணிக்கட்டு வரை நீலம்.

"மைப்புட்டிக்குள்ள விழுந்தீங்களா?"

"ஒரு வாரமா இடது கையால எழுதிப் பழகுறேங்க. எந்தப் பக்கம் தேய்க்கணும்னு கைக்குத்தானே தெரியும்... ஆறு நிப்பு பாழாச்சு. இது ஏழாவது."

அவன் நீட்டிய பேனாவை வாங்கி எழுதினாள். பழைய முனைபோல் இல்லைதான். ஆனால் தாள் கிழியவில்லை... அவள் கை போன பக்கமெல்லாம் மை கூடவே போனது.

அவன் ஒரு தாளைத் தயங்கி நகர்த்தினான். அப்பிப் போன இடக்கை எழுத்து: 'தப்பு என்னுது. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு.'

"எழுத்து கண்றாவியா இருக்கு," என்றாள், கண்கள் சிரிக்க. "வாராவாரம் வந்து பழகணும்."

"டாக்டர், நாம கொஞ்சம் வெளிய நிக்கலாமா?" என்றாள் நடத்துநர்.

"உக்காருங்கக்கா! சங்கம்னா நாலு பேராவது வேணும்."

சொல்லிக்கொண்டே அந்த வரிக்குக் கீழே, புதிய முனையால், தன் இடக்கையால் எழுதினாள்: 'எனக்கும்.'

இப்படிப் பிறந்தது எங்கள் ஊர் மைப்பேனாச் சங்கம்! வாசகரே, இழுப்பறையில் உலர்ந்து கிடக்கும் உங்கள் பேனாவை இன்றே எடுத்துக் கழுவுங்கள். உங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையாவது இடக்கையால் அதைத் தொட்டால், அந்தக் கையைத் தட்டிவிடாதீர்கள்... மை நிரப்பிக் கொடுங்கள்!