குரல்கள் = 2

அந்தப் பதிவில் இரண்டு பேர்தான் பேசினார்கள். குறிப்பு மட்டும் மூன்று என்றது.

மூத்தவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டாள். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு பெண் மூச்சு வாங்கப் பேசினாள். இந்தப் பக்கம் உதவி மையத்திலிருந்து மூத்தவளின் தங்கை, சின்னவள், நிதானமாகப் பதில் சொன்னாள். "பயப்படாதீங்க மேடம், மெக்கானிக் கிளம்பிட்டாரு. பக்கத்துலதான் வந்துட்டிருக்காரு." நாய் குரைக்கவில்லை. டி.வி. ஓடவில்லை. அப்புறம் யார் அந்த மூன்றாவது?

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி அது. கீழ்த்தளத்தில் சின்னவளைப் போன்றவர்கள் ஆளுக்கொரு சின்ன பூத்தில் உட்கார்ந்து அழைப்புகளை எடுப்பார்கள். மேல்தளத்தில் மூத்தவள் அவற்றின் பதிவுகளைச் சரிபார்ப்பாள். ஒவ்வொரு பதிவின் முதுகிலும் கம்ப்யூட்டர் ஒரு மறைவான குறிப்பை ஒட்டிவிடும், இதில் எத்தனை குரல்கள் என்று. பதிவைத் திறந்தால் அந்தக் குறிப்பு கண்ணில் படாது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்துக் கேட்டால்தான் சொல்லும். ஆனால் அதன் கணக்கை முழுசாக நம்ப முடியாது. ஒருமுறை யாரோ தும்மியதைக்கூட நான்காவது ஆளாக எண்ணி வைத்திருந்தது. அதனால் மூத்தவள் காதால் கேட்டு, ஒரு வரி அடித்து எண்ணை மாற்றிவிடுவாள். மூன்று வருடமாக இதுதான் வேலை.

மணி மூன்று இருபது. நான்கு மணிக்கு இந்த மாதப் பதிவுகள் தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். அங்கே 'மூன்று' என்று பார்த்தால் ஒரே அர்த்தம்தான்: சின்னவள் வெளி ஆளைப் பூத்துக்குள் உட்கார வைத்திருக்கிறாள். தோழிகளை அழைத்து வந்து அரட்டையடித்ததற்குச் சின்னவள் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தாள். அடுத்த கடிதம் வந்தால் வேலை போய்விடும்.

வெளியே மழை விடாமல் பெய்தது. பகலிலேயே விளக்கு போட வேண்டியிருந்தது. அதிலும் ஒரு குழல்விளக்கு அணைந்து அணைந்து எரிந்து, மேசைகளின் நிழலைச் சுவரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. ஈரக் கம்பளத்தின் வாடையோடு, எங்கிருந்தோ மசகெண்ணெய் வாசனையும் லேசாக வந்தது. மூத்தவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். உட்கார்ந்தாள். திரும்ப எழுந்து, சாத்திய ஜன்னலையே தள்ளிப் பார்த்துவிட்டு வந்தாள்.

தங்கையின் எல்லாப் பதிவுகளின் குறிப்புகளையும் ஒரே கட்டளையில் கேட்டாள். திரையில் வரிசை ஓடியது. பதினோராம் தேதி வரை இரண்டு, இரண்டு, இரண்டு. பன்னிரண்டாம் தேதி மதியத்திலிருந்து மூன்று. அதற்கப்புறம் எல்லாமே மூன்று. ஆஸ்பத்திரி லிஃப்ட், குடியிருப்பு லிஃப்ட், துணிக்கடை லிஃப்ட். லிஃப்ட் மாறியது, மாட்டிக்கொண்டவர்கள் மாறினார்கள். மாறாதது சின்னவள் மட்டும்தான்.

இன்டர்காமை எடுத்தாள்.

"ஏய், உன் பூத்துல யாரை உக்கார வச்சிருக்க?"

"ஆரம்பிச்சிட்டியா? நான் உக்காரவே இடமில்ல. முட்டி மேசையில இடிக்குது."

"விளையாடாதடி. பன்னெண்டாம் தேதி என்ன ஆச்சு?"

"பன்னெண்டா... ஓ, அந்த ஆளு கூப்பிட்டாரே, அன்னிக்கா? இருபது நிமிஷம் பேசினாருக்கா. மெக்கானிக் போய்க் கதவைத் திறந்தா உள்ள ஈ காக்கா இல்ல. உன்கிட்ட சொன்னேன், நீதான் கெக்கேபிக்கேன்னு சிரிச்ச."

"என்ன பேசினாரு?"

"வெளிய விடுங்கன்னாரு. வேற என்ன கேப்பாங்க? கதவு திறந்தா உங்ககூடவே வந்துடவான்னு கேட்டாரு. சரி வாங்கன்னு சொன்னேன். ஒரு ஆறுதலுக்குச் சொல்றதுதானே."

மூத்தவள் திரையில் பன்னிரண்டாம் தேதி வரியைத் தேடிப் பார்த்தாள்.

"அக்கா, இருக்கியா? இங்க ஏசி ஓடுதான்னு யாரையாவது பாக்கச் சொல்லேன். கழுத்துக்குப் பின்னாடி மட்டும் சூடா காத்து வருது."

"நீ எந்திரிச்சு வெளிய வா."

"லைன்ல ஆள் வந்துட்டாங்க. வச்சிடறேன்."

மணி மூன்று நாற்பது. முதலில் வேலையைக் காப்பாற்றுவோம், பிறகு இழுத்துக்கொண்டு வருவோம் என்று நினைத்தாள். முதலில் கேட்ட பதிவின் குறிப்பை இரண்டு என்று மாற்றினாள். திரும்பக் கேட்டாள். மூன்று. மறுபடி மாற்றினாள். மூன்று. எழுதிய கையை இன்னும் விசைப்பலகையை விட்டு எடுக்கவில்லை. அதற்குள் யார் திருத்துகிறார்கள்?

ஒப்படைக்கும் நாளில் போடுகிற பூட்டு ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் யாராலும் எதையும் மாற்ற முடியாது. தலைமை அலுவலகம்தான் திறக்க வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்தாள். தங்கையின் எல்லாப் பதிவுகளிலும் குரல்கள் இரண்டு. உடனே பூட்டு. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தட்டினாள்.

திரும்பக் கேட்டாள்.

இரண்டு. இரண்டு. இரண்டு. கடைசி வரை இரண்டு.

"அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னாள். நாற்காலியில் சாய்ந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று முதல் பதிவை ஓடவிட்டாள்.

லிஃப்டுக்குள் அந்தப் பெண் மூச்சு வாங்கினாள். "ஹலோ? யாராவது இருக்கீங்களா?"

"பயப்படாதீங்க மேடம்" என்றது பதில்.

ஆண் குரல். அவசரமில்லாத குரல். இத்தனை நாளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பாடம் செய்ததைப் போல, சின்னவளின் ஒவ்வொரு சொல்லையும் அதே இடத்தில் நிறுத்தி, அதே இடத்தில் இழுத்து.

சின்னவள் அதில் இல்லை.

அடுத்த பதிவு. அதே ஆண். அதற்கடுத்தது. அதே ஆண். துணிக்கடை, ஆஸ்பத்திரி, குடியிருப்பு. எதிலும் தங்கை இல்லை.

இரண்டு பேர் இருக்கட்டும் என்று அவள்தான் எழுதினாள். எந்த இரண்டு பேர் என்று எழுதவில்லை.

மூன்று என்று அடித்தாள். அனுமதி இல்லை. மூன்று. அனுமதி இல்லை. இன்டர்காமை எடுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

ஓடினாள்.

லிஃப்டைத் தொடவில்லை. படிகள். ஒவ்வொரு படியிலும் மசகெண்ணெய் வாசனை கூடியது. கீழ்த்தளத்தில் எல்லாரும் அவரவர் பூத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. கடைசி பூத். திறந்த கதவு.

சின்னவள் உட்கார்ந்திருந்தாள். அதே மஞ்சள் சட்டை. அதே பின்னல். முதுகு மட்டும் மிக நேராக இருந்தது. ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. மேசையில் ஓர் அழைப்பின் சிவப்பு விளக்கு.

"ஏய்" என்றாள் மூத்தவள்.

நாற்காலி மெதுவாகத் திரும்பியது. தங்கையின் முகம்தான். உதடுகள் மூடியிருந்தன. சிரித்தன.

கழுத்தில் தொங்கிய ஹெட்போனிலிருந்து, கம்பி உரசும் சத்தத்துக்கு நடுவே, மெல்லிசாக, வெகு தூரத்திலிருந்து வந்தது.

"அக்கா... இங்க இருட்டா இருக்குக்கா. கதவைத் திறக்கச் சொல்லுக்கா... அக்கா..."

உட்கார்ந்திருந்தது ஒரு கையைத் தூக்கியது. தங்கையின் கை, தங்கையின் வளையல். குழந்தையின் வாயைப் பொத்துவதைப் போல, அந்த ஹெட்போனை உள்ளங்கையால் இதமாக மூடிக்கொண்டது.