கசியாத வளையம்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று சத்தியம் செய்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நடந்ததையெல்லாம் வளையக்காரரே என்னை எதிரில் உட்காரவைத்துத் தன் வாயால் ஆதியோடந்தமாகச் சொன்னார். கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

அன்று காலை தேநீர்க் கோப்பையைத் தூக்கியபோது அவருக்கு உதடு பிரியவில்லை. அரை நொடிதான். பிறகு, புட்டியின் மூடி கழன்றதுபோல் 'டுப்' என்று பிரிந்தது. தூக்கத்தில் வாய் உலர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு குடித்தார்.

மனைவி வாசல்வரை வந்தாள். "லீவு நாள்லகூட என் தம்பிய விடமாட்டீங்க. மதியச் சாப்பாட்டுக்கு அவன முழுசாக் கொண்டாந்து சேத்துடுங்க."

"உன் தம்பிய முழுசாக் கொண்டு வரணும்னா லாரிதான் பிடிக்கணும்" என்றார். சொல்லி முடித்ததும் உதடு மறுபடி ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை விரலால் பிரித்துவிட்டார்.

வளையக்காரர் என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். எண்ணெய்க் கிணற்றின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் வால்வுகளுக்குள், வாயு கசியாமல் அடைக்கும் வளையங்களை வடிவமைப்பவர் அவர். புது வளையம் இரண்டாக மடித்த இலை மாதிரி இருந்தது. வாயு மடிப்புக்குள் புகுந்து இரண்டு மடலையும் விரித்துச் சுவரோடு அழுத்தும். அழுத்தம் கூடக்கூட இன்னும் இறுகும். தள்ளுகிறவனின் பலமே தாழ்ப்பாளாகிவிடும் கதவு அது. வால்வின் நடுவே ஓர் அடைப்புத் தகடு, தகட்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு வளையம், இரண்டுக்கும் நடுவே வால்வின் வயிறு. பழைய வளையங்களில் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்ட வாயு தானே கசிந்து போய்விடும். அதனால் வயிற்றுக்கென்று அழுத்தம் காட்டும் கேஜ் வைக்கும் வழக்கமே அங்கே இல்லை. புது வளையம் எந்தப் பக்கமும் கசியாது. அதுதான் அவருடைய பெருமை.

முந்தின நாள் மாலை பொருத்தும்போது இரண்டு கையிலும் வேலை இருந்தது. வளையத்தை உதட்டில் கவ்விக்கொண்டார். கிரீஸ் டப்பா எட்டவில்லை. எச்சிலையே தடவி உள்ளே தள்ளினார். 'வளையத்தை வாயில் வைக்காதே' என்று சுவரில் எழுதி ஒட்டியவரும் அவரேதான்.

வாயுச் சோதனையை ஆளில்லாத நாளில்தான் செய்வார்கள். கூரைக் கண்ணாடி வழியே மதிய வெயில் சதுரம் சதுரமாக விழுந்து கிடந்தது. நின்றுபோன கடைசல் இயந்திரங்களிலிருந்து கருகிய எண்ணெயின் வாடை வந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சோதனை அறைக்குக் கனத்த கான்கிரீட் சுவர், கெட்டிக் கண்ணாடி ஜன்னல், ஒரே ஓர் இரும்புக் கதவு. உள்ளே போகிறவன் பம்பின் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கதவை உட்பக்கம் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். அவன் உள்ளே இருக்கையில் யாரும் பம்பைப் போட்டுவிடக் கூடாது அல்லவா! காதில் கவசம் மாட்டிக்கொண்டால் அவனுக்கு வெளியுலகம் என்று மிஞ்சுவது வெளி மைக்கில் பேசும் குரல் ஒன்றுதான்.

மச்சான் உள்ளே போய் வால்வைப் பாதி திறந்து வைத்துவிட்டு வெளியே வந்து பம்பைப் போட்டான். கேஜின் முள் ஏறியது. அது ஏற ஏற வளையக்காரரின் காது அடைத்துக்கொண்டே வந்தது. சொட்டும் குழாய் தூரமாயிற்று, பம்பின் அதிர்வு காலடியிலிருந்து பல்லுக்கு ஏறியது, பல்லின்மேல் உதடு யாரோ பின்னாலிருந்து கையை வைத்துப் பொத்துவதுபோல் மெல்ல மெல்ல அமுங்கியது. 'போதும்' என்று சொல்ல நினைத்தார். தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

மச்சான் சிரித்தான். "என்ன மாமா, அக்கா முன்னாடி உக்காந்திருக்கற மாதிரி வாயே திறக்க மாட்டேங்கறீங்க?"

சுவருக்கு வெளியே நீண்டிருந்த நெம்புகோலை இழுத்துத் தகட்டை மூடினான். முள் அசையாமல் நின்றது. ஒரு சொட்டுக் கசிவில்லை. "ஜெயிச்சுட்டீங்க மாமா!" என்று தோளில் அறைந்தான். பிறகு இருபுறக் குழாய்களையும் திறந்துவிட, வாயு நீளமாகச் சீறிக்கொண்டு வெளியேறியது. முள் இறங்கியது. பூஜ்யம்.

வளையக்காரரின் உதடு பிரியவில்லை.

முகம் கழுவும் தொட்டிக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தார். உதடுகள் இருந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு. நகத்தை வைத்துப் பார்த்தார், நுழையவில்லை. தண்ணீர் விட்டுத் தேய்த்தார். உள்ளேயிருந்து மூச்சால் தள்ளினார். தள்ளத் தள்ள இறுகியது. தள்ளியதே அதை இறுக்கியது.

இது அவரே வரைந்த வளையத்தின் வரைபடம்.

பம்பு ஏறியபோது இறுகிய வாய், வாயு இறங்கியதும் தளர்ந்திருக்க வேண்டும். தளரவில்லை. கேஜ் பூஜ்யம் என்கிறது. வாய், 'இல்லை' என்கிறது. குழாய்களில் இருந்ததுதான் போயிருக்கிறது. வயிற்றில் இருந்தது போகவில்லை. போக வழியில்லை. அவர்தான் வழியை அடைத்தவர்.

பின்னால் இரும்புத் தாழ் விழும் சத்தம் கேட்டது.

ஓடினார். சோதனை அறை ஜன்னலுக்கு அந்தப்பக்கம் மச்சான் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். சுவரிலிருந்த ஸ்பீக்கரில் அவன் குரல் கரகரத்தது.

"வால்வு மூடியக் கழட்டி வளையத்தப் பாத்துடலாமா மாமா?"

வளையக்காரர் மைக்கைப் பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் முட்டியது. மூக்கு வழியாக வந்தது ஒரு முனகல் மட்டும்.

"என்னது? சரி, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. இல்லேன்னா நான் பாட்டுக்கு ஆரம்பிச்சுடுவேன்."

காத்திருந்தான். நல்ல பிள்ளை, நிஜமாகவே காத்திருந்தான்.

பிறகு முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான்.

கண்ணாடியில் ஓங்கி அடித்தார். மலையில் அடித்ததுபோல் இருந்தது. கதவை இடித்தார், தோள்தான் வலித்தது. திரும்ப வந்து மைக்கை விரல் முட்டியால் தட்டினார்.

"பசிக்குதா மாமா? இதோ ஆச்சு. அக்கா இன்னும் இலை போட்டிருக்காது."

இரண்டாவது போல்ட்டு.

மேசையில் பிசிறு சீவும் கத்தி கிடந்தது. எடுத்தார். உதட்டுக் கோட்டின்மேல் வைத்து அழுத்தினார். ரத்தம் வந்தது. வழி வரவில்லை. இன்னும் அழுத்தினார். இன்னும் இறுகியது. மைக்கின்மேல் ரத்தம் சொட்டியது. அந்தச் சத்தமும் மச்சானுக்குக் கேட்டிருக்கும்.

"அழுத்தம் சுத்தமா இல்ல மாமா. தங்கமான வளையம்."

அடுத்தது.

அடுத்தது.

மச்சான் பாட்டு முணுமுணுத்தான். வளையக்காரரின் கன்னங்கள் உள்ளிருந்து உப்பின. கண் பிதுங்கியது. ஸ்பேனர் திரும்பியது. நின்றது. மச்சான் நெற்றியைத் துடைத்தான். ஏதோ உறைத்ததுபோல் மெல்லத் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தான். மாமாவின் முகத்தைப் பார்த்தான். அவன் கை மட்டும், பழக்கத்தில், மறுபடி திருகத் தொடங்கியிருந்தது.

மூடி தெறித்தது. கண்ணாடி வெள்ளையாயிற்று.

அந்த நொடியே வளையக்காரரின் வாய் திறந்தது. முழுவதுமாகத் திறந்தது. உள்ளே அடைபட்டிருந்த அந்த ஒரு சொல் வரும் என்று காத்திருந்தார். வந்தது காற்று. குளிர்ந்த, எண்ணெய் வாடையடிக்கும் காற்று, மெல்லிய சீறலாக. சுவரிலிருந்த ஸ்பீக்கரும் சீறியது. இரண்டும் ஒரே சுருதி. கையால் வாயைப் பொத்தினார்; விரலிடுக்கில் சீறியது. வெண்ணிறக் கண்ணாடியின் உட்பக்கம் ஒரு கை வந்து பதிந்தது. ஐந்து விரலும் விரிந்து பதிந்தது. பிறகு மெல்லக் கீழே வழுக்கிப் போனது. சீறல் நிற்கவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை வளையக்காரர் வாயிலிருந்து ஒரு சொல்கூட யாரும் கேட்டதில்லை.