கொறிப்பான் செதுக்கிய பள்ளிக்கூடம்

வாண்டுவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டு வெகுநாளாகிவிட்டது. மேசை முழுவதையும் ஓர் இயந்திரம் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா, அப்பா, வாண்டு மூவரும் தரையில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, அதை அண்ணாந்து பார்த்தபடி சாப்பிடுவார்கள்.

"நாம தரையில. மகாராஜா மேசையில," என்று அப்பா அலுத்துக்கொள்வார்.

மகாராஜாவின் பெயர் கொறிப்பான். மரத்தைக் கொறித்துக் கொறித்துத் தூளாகத் துப்புவதால் வாண்டு வைத்த பெயர் அது. அவளுக்கு வாண்டு என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால், தெருவே கையைத் தூக்கும்.

கொறிப்பான் கடையில் வாங்கியதல்ல. அம்மாவும் வாண்டுவும் விடுமுறை முழுக்க உட்கார்ந்து செய்தது. அம்மா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கழித்துப் போட்ட எதையும் சும்மா விட்டுவர அவருக்கு மனசு வராது. பழைய பிரிண்டர்களின் மோட்டார்கள், உடைந்த அலமாரியின் இழுப்பறைத் தண்டவாளங்கள், மரை போட்ட நீளக் கம்பிகள் என்று வீட்டுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் கொறிப்பானின் கை கால்களாகிவிட்டன.

ஒரு மோட்டார் வெட்டும் முனையை இடமும் வலமுமாக நகர்த்தும். இன்னொன்று முன்னும் பின்னுமாக நகர்த்தும். மூன்றாவது மேலும் கீழும் இறக்கி ஏற்றும். கணினியில் ஒரு படம் வரைந்து கொடுத்தால் போதும். மூன்று மோட்டார்களும் பேசி வைத்துக்கொண்டதுபோல் நகர்ந்து, அதே படத்தைப் பலகையில் செதுக்கிவிடும்.

வாண்டுவுக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கொறிப்பானைக் காட்டிவிட்டுத்தான் உட்காரவே சொல்வாள்.

அவள் வகுப்பில் இந்த வருடம் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருந்தான். அவனுக்குக் கண் தெரியாது. ஆனால் வாய் இரண்டு பேருக்கு இருந்தது. காலையில் தொடங்கினால் மாலை வரை பேசிக்கொண்டே இருப்பான். அதனால் வகுப்பே அவனை ரேடியோ என்று கூப்பிட்டது. அவனுக்கும் அந்தப் பெயர் ரொம்பப் பிடித்திருந்தது.

அவனுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் எங்கே போனாலும் யாராவது அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது தலைமை ஆசிரியையின் கட்டளை.

"என்னைப் புத்தகப் பை மாதிரி தூக்கிட்டுப் போறாங்க வாண்டு. ஒருத்தர் இறக்கி வெச்சா இன்னொருத்தர் தூக்கிக்கிறாங்க," என்றான் ரேடியோ.

"மிஸ்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிட்டேன். திங்கட்கிழமை காலைல வாசல்லேருந்து வகுப்பு வரைக்கும் தனியா வந்து காட்டச் சொல்லிட்டாங்க. வந்துட்டா அப்புறம் யாரும் கையைப் பிடிக்க வேண்டாம். வழி தவறினா வருஷம் முழுக்கப் பிடிச்சுத்தான் ஆகணுமாம்."

"அவ்வளவுதானே! வந்துடு!"

"எப்படி வர்றது? நீங்க எல்லாரும் இழுத்துட்டுப் போறதுல எனக்கு வழியே மனசுல நிக்கலையே!"

அன்றைக்குத்தான் முதல் தடவையாக ரேடியோ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்ததை வாண்டு பார்த்தாள். அவளுக்கு என்னவோபோல் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள். கொறிப்பானைப் பார்த்ததும் குதித்தாள்.

"அம்மா! பள்ளிக்கூடத்தையே ஒரு பலகையில செதுக்கிடலாமா? போற வழியெல்லாம் பள்ளமா இருக்கட்டும். ரேடியோ அதுல விரலை ஓட்டிப் பார்த்தே வழியைக் கத்துக்குவான்!"

அம்மா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இது ஏன் எனக்குத் தோணல?" என்றார்.

அப்பா வீட்டிலேயே தைக்கும் தையல்காரர். அளவு எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அன்று மாலையே கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு வாண்டுவோடு கிளம்பினார். இருவரும் நடைபாதை, படிக்கட்டு, கதவு, தண்ணீர்க் குழாய் என்று எல்லாவற்றையும் அளந்தார்கள். பள்ளிக்கூடத்துக் காவலாளி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"என்ன சார், பள்ளிக்கூடத்துக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"ஆமாங்க. கொஞ்சம் குண்டாத்தான் இருக்கு," என்றார் அப்பா.

மறுநாள் காலையில் ஒரு சங்கடம் வந்தது. தைத்து மாட்டியிருந்த ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டு மேலெல்லாம் கொறிப்பான் துப்பிய மரத்தூள் படிந்திருந்தது.

"இதைப் போட்டுக்கிட்டு அவர் ஊசி போட்டா, தச்சர்னு நினைச்சு எல்லாரும் ஓடிடுவாங்க!" என்று அப்பா கோட்டை உதறினார். "ஒண்ணு நான் இருக்கணும், இல்ல மகாராஜா இருக்கணும்!"

அப்பா இருப்பதென்று முடிவானது. கொறிப்பானின் இணைப்புகளைக் கழற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பின்னறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வாண்டு ஒவ்வொரு ஒயரையும் அதனதன் இடத்தில் சொருகினாள். அம்மா குனிந்து பார்த்து, "எல்லாம் சரியா இருக்கு," என்றார். சோதனைக்காக ஒரு துண்டுப் பலகையில் வட்டமும் சதுரமும் வெட்டச் சொன்னார்கள். இரண்டும் அச்சு அசலாக வந்தன.

பிறகு அகலமான ஒரு பலகையைத் திருகி இறுக்கினார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். காதை மூடிக்கொண்டார்கள். அம்மா தலையசைத்ததும் வாண்டு பொத்தானை அழுத்தினாள்.

கிர்ர்ர் என்று முனை மரத்தில் இறங்கியது. வாசல் வந்தது. நடைபாதை வந்தது. படிக்கட்டு வரிவரியாக வந்தது. கதவுகளெல்லாம் சின்னச் சின்னக் குழிகளாக வந்தன. வாண்டு மூச்சுவிடக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் தூளைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, தடவித் தடவிப் பார்த்தார்கள். வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருந்தது. அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அழகைப் பார்த்த கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாண்டு பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு ரேடியோவின் வீட்டுக்கு ஓடினாள்.

ரேடியோ பலகையை மடியில் வைத்து விரலை ஓட்டினான். "அட! இது வாசல். இது நடைபாதை. வாண்டு, உன் மிஷின் பெரிய ஆளுதான்!"

வாண்டு காற்றில் பறந்தாள்.

"இது படிக்கட்டு..." ரேடியோவின் விரல் நின்றது. "வாண்டு, படிக்கட்டு எந்தப் பக்கம்?"

"உள்ளே நுழைஞ்சா வலது பக்கம்."

"இதுல இடது பக்கம் இருக்கே."

"இருக்காதே!"

"என் வலது கையைக் கேளு. தினமும் அந்தக் கைப்பிடியில இடிச்சுக்கிறது இதுதான்."

வாண்டு பலகையைத் தன் பக்கம் திருப்பி வைத்து உற்றுப் பார்த்தாள். படிக்கட்டு மட்டுமல்ல, அவர்கள் வகுப்பும் இடது பக்கம் போயிருந்தது. முழுப் பள்ளிக்கூடமும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறிக் கிடந்தது.

ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தான். "பள்ளிக்கூடத்தையே திருப்பிப் போட்டுட்டியே! பரவாயில்ல விடு. இடதுன்னு வர்றதையெல்லாம் வலதுன்னு மனசுல மாத்திக்கிறேன்."

ஒரு நொடி வாண்டுவுக்கு அதுவே நல்லது என்று தோன்றியது. யாருக்கும் தெரியாது. கொறிப்பானை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். ஆனால் நாளைக் காலையில் நடுவழியில் நின்று, இடமா வலமா என்று ரேடியோ தடுமாறுவதை நினைத்துப் பார்த்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"வேண்டாம்டா," என்றாள். "தப்பு பண்ணது நாங்க. நீ எதுக்கு மாத்தி மாத்தி யோசிக்கணும்? சாயங்காலம் சரியானதைக் கொண்டு வர்றேன்."

வீட்டில் அம்மா கணினியில் இருந்த படத்தைப் பார்த்தார். படிக்கட்டு வலது பக்கம்தான் இருந்தது.

"படம் சரி. மிஷினும் சரி. வட்டம் எவ்வளவு அழகா வந்துச்சு!" என்றார் அம்மா. கொறிப்பானைக் குறை சொன்னால் அவருக்கும் கொஞ்சம் ரோஷம் வரும்.

வாண்டு அந்த மர வட்டத்தைக் கையில் எடுத்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் பார்த்தாள். சதுரத்தையும் அப்படியே திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, வட்டத்தை இடம் வலம் மாத்திப் போட்டாலும் அது வட்டம்தானே?"

அம்மாவின் புருவம் மேலே போனது.

வாண்டு வெட்டும் முனையைக் கழற்றச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு பென்சிலைக் கட்டினாள். கீழே ஒரு காகிதத்தை ஒட்டினாள். "கொறிப்பான், என் பேரோட முதல் எழுத்தை எழுது பார்க்கலாம்," என்று கட்டளை கொடுத்தாள்.

கொறிப்பான் சமர்த்தாக 'வ' எழுதியது. ஆனால் இடமிருந்து வலமாகப் போகவேண்டியது வலமிருந்து இடமாகப் போனது. 'வ' திரும்பிக்கொண்டு முதுகைக் காட்டியது.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "இடம் வலம் போற மோட்டார் தலைகீழாச் சுத்துது! ஒயரைப் பாரு!"

பார்த்தார்கள். அந்த மோட்டாரின் ஒயர் முனையை எப்படித் திருப்பிச் சொருகினாலும் உள்ளே போய்விடும். அது திரும்பித்தான் போயிருந்தது.

"சொருகினது நான்தான்," என்றாள் வாண்டு.

"சரியா இருக்குன்னு சொன்னது நான்தானே," என்றார் அம்மா.

அளவு நாடாவோடு எட்டிப் பார்த்த அப்பா, "எனக்கும் ஒரு பங்கு குடுங்க. இடத்தை மாத்தச் சொன்னது யாரு?" என்றார்.

மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒயரைச் சரியாகச் சொருகினார்கள். இனிமேல் மாறாமல் இருக்க, மேல் வரவேண்டிய பக்கத்தில் அப்பா சிவப்பு நூல் ஒன்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். இந்தத் தடவை 'வ' முகத்தைக் காட்டியது.

"இப்ப பலகைக்கு எங்கே போறது? கடை திறந்திருக்காதே," என்றார் அம்மா.

"அதுதான் இருக்கே!" வாண்டு பழைய பலகையை அப்படியே கவிழ்த்துப் போட்டாள். பின்பக்கம் கீறல்கூட இல்லாமல் சுத்தமாக இருந்தது.

கொறிப்பான் மறுபடியும் கிர்ரென்று வேலையைத் தொடங்கியது. அப்பா தையலை நிறுத்திவிட்டு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். கடைசிக் கதவும் செதுக்கி முடிந்ததும், "என் வாண்டுவா இது!" என்று முதுகில் தட்டினார்.

அன்று மாலை ரேடியோவின் விரல் வாசலிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து வாசலுக்கும் எத்தனை முறை போய் வந்ததோ தெரியாது. கேட்காமலே எல்லாக் கதவுகளின் பெயரையும் ஒப்பித்தான். பிறகு பலகையைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினான்.

"இதை அழிச்சிடாத வாண்டு. இது திருப்பிப் போட்ட பள்ளிக்கூடம். இங்கே நாம பாடம் நடத்துவோம், டீச்சருங்க வீட்டுப்பாடம் எழுதிட்டு வருவாங்க!"

திங்கட்கிழமை காலை. தலைமை ஆசிரியை வகுப்பு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் எழுந்திருக்கக் கூடாது, யாரும் குரல் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வாண்டு மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்து ஓய்ந்தது.

தூரத்தில் டக், டக் என்று வெள்ளைக் கோலின் சத்தம் கேட்டது. நடைபாதையில் வந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு சரியாக வலது பக்கம் திரும்பியது. ஜன்னல் வழியாக ரேடியோவின் தலை தெரிந்தது. ஒவ்வொரு கதவாகத் தாண்டி வந்தான். வகுப்பு வாசலுக்கு வந்தான்.

வந்தவன் நிற்கவில்லை. வாசலைத் தாண்டி நேராகப் போய்விட்டான்.

"ஐயோ!" என்று யாரோ முனகினார்கள். வாண்டு கூப்பிட வாயைத் திறந்துவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கே தப்பு? கதவை விட்டுவிட்டோமா? மறுபடியும் ஏதாவது திரும்பிவிட்டதா?

நடைபாதைக் கோடியில் சளசளவென்று குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. டக், டக் என்று கோல் திரும்பி வந்தது. ரேடியோ வாயைத் துடைத்துக்கொண்டே வகுப்பு வாசலில் சரியாக வந்து நின்றான்.

"வந்துட்டேன் மிஸ். தாகமா இருந்துச்சு. அதான் அப்படியே ஒரு எட்டு போய்ட்டு வந்தேன்."

வகுப்பு அதிர்ந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரமானது. தலைமை ஆசிரியை சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். கடைசியில் எப்படியோ முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

"மணி அடிச்சதுக்கப்புறம் தண்ணி குடிக்கப் போகலாமா? மத்தவங்களுக்கெல்லாம் ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா? நாளையிலேருந்து நேரத்துக்கு வரணும். தனியா!"

"சரிங்க மிஸ்!"

ரேடியோ தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். காது வரைக்கும் சிரிப்பு.

"கேட்டியா வாண்டு? எல்லாரையும் திட்டுற மாதிரியே என்னையும் திட்டிட்டாங்கடீ!" என்று கிசுகிசுத்தான்.

அன்று அந்த வகுப்பில் அவனைவிடப் பெருமையாக உட்கார்ந்திருந்தவள் ஒரே ஒருத்திதான்.