டிரைவர் கேட்காத கார்டு

சனிக்கிழமை, மாலை ஆறு மணி.

கொள்ளேகாலில் கல்யாணச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மைசூருக்குத் திரும்பிய குப்புசாமி, பட்டு வேட்டியைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் படம் வந்தது. லாரி விளையாட்டைத் திறந்தார். லாரி ஓடவில்லை, ஊர்ந்தது. ஒரு மரம் வந்து அப்படியே நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்து அடுத்த மரம் வந்தது. குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியின் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். திரையில் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு இருந்த இடம் காலியாக இருந்தது.

அதே மேஜையில், ஒரு சாண் தள்ளி, புத்தம்புதுக் கார்டு ஒன்று சீல் பிரிக்காத பெட்டியில் இருந்தது. காணாமல்போனதைவிடப் பல மடங்கு விலை அதற்கு. அதை யாரும் தொடவில்லை.

பழைய கம்ப்யூட்டர் பாகம் ஒன்றைக் காணோம் என்று போன் செய்தால் போலீஸ் ஸ்டேஷனில் சிரிப்பார்கள். சிரித்தார்கள். ஆனால் போனில் பேசியவர் குரல் தழுதழுக்க, "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வேணுமுங்க" என்று தமிழில் கெஞ்சியதால், தமிழ் பேசுகிற சப் இன்ஸ்பெக்டரிடம் தள்ளிவிட்டார்கள்.

மோகனப்ரியா தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரி. மைசூருக்கு மாற்றலாகி ஒரு வருஷம் ஆகிறது. குவார்ட்டர்ஸில் தனிக்கட்டை. ஓய்வு கிடைத்தால் சரியாக இருக்கிற ஒரு ப்ளவுஸை எடுத்துக்கொண்டு டைலர் கௌரம்மாவிடம் போவாள். "ஒரு தையல் பிரிச்சு விடுங்க" என்பாள். கௌரம்மா பிரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். அடுத்த வாரம் மோகனப்ரியா அதே ப்ளவுஸைப் பிடித்துத் தைக்கச் சொல்லிக் கொண்டுபோவாள். அன்றைக்கும் அந்தப் பையோடு கிளம்பியவளை ஸ்டேஷன் போன் பிடித்துக்கொண்டது. பையை ஜீப் சீட்டில் போட்டுவிட்டு, குப்புசாமி குடியிருக்கும் ஹெப்பாளுக்கு வந்துசேர்ந்தாள்.

மாடியில் ஒரு போர்ஷன், எதிரே இன்னொரு போர்ஷன். குப்புசாமி டயர் பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க லாரி டயர் செய்தவர், ஓட்டியதென்னவோ ஒரு மொபெட்தான். மனைவி போய் நான்கு வருஷமாகிறது. ஒரே மகள் மனிஷா, கனடாவில்.

"வீட்டை விட்டு எப்பப் போனீங்க?"

"காத்தால எட்டு மணிக்குங்க. எங்கக்கா மகன் விஜய்குமார் கார்ல கூட்டிட்டுப் போனான். நாள் பூரா எங்கூடத்தான் இருந்தான். இப்பத்தான் ரெண்டு பேரும் வந்தமுங்க."

"நேத்து கார்டு இருந்துதா?"

"லாரி ஓட்டிப் பார்த்துட்டுத்தானுங்க படுத்தேன். வெண்ணெயாட்டம் ஓடுச்சு."

"சாவி?"

"மீட்டர் பொட்டிக்குள்ள தொங்குமுங்க. வேலைக்கு வர்ற மாதேவிக்குத் தெரியும். எதுத்த வீட்டுத் தீபக்குக்குத் தெரியும். இவனுக்கும் தெரியும்."

இவன் என்று காட்டப்பட்ட விஜய்குமார் குறுக்கே வந்தான். "திருடன் சுத்த மடையன் மேடம். வியாழக்கிழமை நான் ஆசையா வாங்கிட்டு வந்தது இந்தப் பச்சைக் கம்பெனி கார்டு. இதை விட்டுட்டு, செகண்ட் ஹேண்டுல வாங்கின சிவப்புக் கம்பெனி கார்டைத் தூக்கிட்டுப் போயிருக்கான்."

"உங்க மாமா ஏன் இதைப் போட்டுக்கல?"

"மனிஷா வேண்டாம்னுட்டா." அவன் முகம் சுருங்கியது.

மோகனப்ரியா அறையைச் சுற்றிப் பார்த்தாள். பரண் முழுக்க அட்டைப் பெட்டிகள். மிக்சி வந்த பெட்டி, டிவி வந்த பெட்டி, மானிட்டர் வந்த பெட்டி, கார்டு வந்த பெட்டி. எதையும் தூக்கிப் போடுகிற ஆளில்லை குப்புசாமி. கம்ப்யூட்டரின் பின்பக்கம் பார்த்தாள். கார்டைக் கழற்றியவன் ஸ்குரூவை மறுபடி முடுக்கிவைத்திருந்தான். சுவிட்சைப் போட்டாள். திரை பளிச்சென்று எழுந்தது.

"நாளைக்கு அப்படி என்னங்கய்யா அவசரம்?"

குப்புசாமி தரையைப் பார்த்தபடி சொன்னார். "ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு எம் பொண்ணும் நானும் லாரி ஓட்டுவமுங்க. அவ அங்கிருந்து ஒரு லாரி, நான் இங்கிருந்து ஒரு லாரி. போன்ல 'சாப்ட்டியா'ன்னா 'சாப்ட்டேன்'ம்பா, அத்தோட சரி. லாரி ஓட்டறப்பத்தான் பேச்சு வரும். ரோட்டைப் பார்த்துட்டே எல்லாஞ் சொல்லுவா. வாரம் பூரா இந்த வீட்டுல கேக்கற மனுசக் குரல் அதொண்ணுதானுங்க."

மோகனப்ரியா நோட்டில் 'ஞாயிறு, ஆறு மணி' என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

மாலை ஏழு மணி. மாதேவி வந்தாள்.

"கார்டு கீர்டு எனக்கு கொத்தில்ல, ஒண்ணும் தெரியாது மேடம். பெருக்கிட்டுப் போறதோட சரி. ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த வீட்டுல முன்னெல்லாம் ஓயாத டிரைவர் தகராறு. 'டிரைவர் போயிட்டான், டிரைவர் காலை வாரிட்டான்'னு ஐயா கத்துவாரு. உடனே தீபக் சார் ஓடி வருவாரு. சரி பண்ணிட்டுச் சாப்டுட்டுத்தான் போவாரு. ஞாயித்துக்கிழமை கறிக்குழம்புன்னா ரெண்டு பேருக்கும் சேர்த்து அரைப்பேன்."

"இப்ப?"

"கொஞ்ச மாசமா டிரைவர் பேச்சே இல்ல. தீபக் சாரும் வர்றதில்ல. ஒரு ஆளுக்குத்தான் அரைக்கிறேன்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் லிங்கப்பன் காது விடைத்தது. வேலையை விட்டு விரட்டப்பட்ட டிரைவர் பழிவாங்கிவிட்டான் என்று மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டு, தெருமுனை ஆட்டோ டிரைவர் ஜடையனைக் கையோடு பிடித்து வந்து நிறுத்தினான். ஜடையன் இந்த வீட்டு மாடிப்படியையே அன்றைக்குத்தான் பார்த்திருந்தான். பாவம், கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றான்.

"விட்டுடுங்க லிங்கப்பா. இந்த டிரைவர் காக்கிச் சட்டை போடாது" என்றாள் மோகனப்ரியா. லிங்கப்பனுக்குப் புரியவில்லை.

அடுத்து எதிர்வீட்டுக் கதவு. தட்டுவதற்கு முன்பே திறந்தது. தீபக் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். முப்பது வயதிருக்கும். சனிக்கிழமைச் சாயங்காலம் இஸ்திரிச் சட்டையும் புதுச் சவரமுமாக இருந்தான்.

"வெளிய கிளம்பிட்டீங்களா?"

"இல்ல மேடம். சும்னே, சும்மாதான்."

"இன்னிக்குப் பூரா எங்க இருந்தீங்க?"

"வீட்லதான்."

"கூட யாரு?"

"யாருமில்ல."

"நேத்து?"

"நேத்தும் யாருமில்ல மேடம்."

"குப்புசாமி ஐயா கார்டைக் காணோம்."

"ஹௌது, ஆமா, சத்தம் கேட்டுது. பரவால்ல மேடம், அந்தப் புதுப் பச்சைக் கார்டைப் போட்டுக்கலாம். நான் வந்து டிரைவர் போட்டுத் தர்றேன். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் வந்து பார்த்துக்கறேன். அங்கிள் கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

அன்றிரவு மனிஷா வீடியோவில் வந்தாள். அங்கே காலை வெயில். மோகனப்ரியா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"பச்சைக் கார்டு வேண்டாம்னு ஏம்மா சொன்ன?"

"நல்ல கார்டுதான் மேடம். எங்கப்பா கம்ப்யூட்டர்ல இருக்கறது லினக்ஸ்ங்கற சிஸ்டம். காசு கிடையாது, யார் வேணும்னாலும் உள்ள திறந்து பார்க்கலாம். கார்டு பேசறது சிஸ்டத்துக்குப் புரிய, நடுவுல டிரைவர்னு ஒரு ப்ரோக்ராம் வேணும். சிவப்புக் கார்டுக்கு அது லினக்ஸுக்குள்ளயே இருக்கு. சொருகினா ஓடும். பச்சைக்குத் தனியா போடணும். அப்பாகிட்ட முதல்ல இருந்தது பழைய பச்சை. அப்டேட் வந்தா சில சமயம் டிரைவர் போயிடும், திரை கறுப்பாயிடும். ரெண்டு ஞாயித்துக்கிழமை அப்படிப் போச்சு. அதான் நிறைய படிச்சுப் பார்த்து, வேகம் கொஞ்சம் கம்மின்னாலும் பரவால்லன்னு சிவப்பை எடுத்தேன். அதுக்கப்புறம் ஒரு நாளும் கெடல."

"கார்டைப் பிடுங்கிட்டா திரையில படம் வருமா?"

"மானிட்டர் கேபிள் கார்டுலதானே சொருகியிருக்கும்? கார்டு போனா படமும் போச்சு. கேபிளைக் கழட்டி மதர்போர்டுல இருக்கற இன்னொரு துளையில சொருகினா மெதுவா ஒப்பேத்தலாம்."

மோகனப்ரியா மெல்லத் தலையாட்டினாள். குவார்ட்டர்ஸுக்குப் போன பிறகும் தூக்கம் பிடிக்கவில்லை. சரியாக இருந்தும் பிரித்துப் பிரித்துத் தைத்த அந்த ப்ளவுஸ் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி.

குப்புசாமி வீட்டில் எல்லோரும் கூடினார்கள். குப்புசாமி, விஜய்குமார், மாதேவி, தீபக். வாசலில் லிங்கப்பன்.

"திருடன் மடையன்னு விஜய்குமார் சொன்னார். நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன்" என்று ஆரம்பித்தாள் மோகனப்ரியா. "ஆனா மடையன் ஸ்குரூவை முடுக்கி வைக்க மாட்டான். கேபிளைக் கழட்டி வேற துளையில சொருக மாட்டான். ஐயா வந்து சுவிட்சைப் போட்டதும் திரை எரிஞ்சுது. எல்லாரும் பார்த்தோம், யாரும் யோசிக்கல. எரியற விளக்கைப் பத்தி யாரு யோசிப்பாங்க? கார்டை எடுத்தவன், ஐயா திரை இருண்டு பயந்துபோகக் கூடாதுன்னு நெனச்சிருக்கான். இது திருடன் புத்தி இல்ல. இந்த மெஷின் மேலயும் ஐயா மேலயும் பாசம் உள்ளவன் புத்தி."

"அப்ப எதுக்குங்க எடுத்தான்?" குப்புசாமி கேட்டார்.

"பச்சையை மறந்து விட்டுட்டுப் போகல. வேணும்னே விட்டுட்டுப் போயிருக்கான். சிவப்பு இல்லைன்னா நீங்க பச்சையைத்தான் போட்டாகணும். பச்சையைப் போட்டா டிரைவர் போட ஓர் ஆள் வேணும். அப்டேட்டுக்கு அப்டேட் அந்த ஆள் வரணும். விஜய்குமாருக்கும் நீங்க பச்சையைப் போடணும்னு ஆசைதான். ஆனா அவர் நாள் பூரா உங்க கண்ணு முன்னால இருந்தார். மாதேவிக்குக் கேபிள் தெரியாது. மாதேவி நேத்தே கேஸை முடிச்சுக் கொடுத்துட்டா, நமக்குத்தான் காது கேக்கல. 'டிரைவர் பேச்சு நின்னுது, தீபக் சாரும் வர்றதில்ல.'"

தீபக் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கார்டு எங்கீங்க?" என்றார் குப்புசாமி. அவருக்கு அதுதான் கேள்வி.

மோகனப்ரியா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். பரணில் மிக்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பெட்டியை எடுத்தாள். வெறும் பெட்டிக்கு இத்தனை கனம் இருக்காது. "விக்கறதுக்கு எடுக்கல. கெட்டுப்போக விடவும் மனசு வராது. ஒரு கார்டு பத்திரமா இருக்க அதோட சொந்தப் பெட்டியை விட வேற இடம் ஏது? கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சோம்." திரும்பினாள். "நீங்கதானே தீபக்?"

"ஹௌது மேடம்." குரல் உடைந்தது. "அங்கிள், நல்லா ஓட ஆரம்பிச்சதுக்கப்புறம் ஒரு நாள்கூட நீங்க கதவைத் தட்டல. சும்மா வர எனக்குத் தைரியம் வரல. ஏதாவது கெட்டாத்தானே வர முடியும்? நேத்தே நீங்க கூப்பிடுவீங்கன்னு சட்டையெல்லாம் போட்டுட்டு உக்காந்திருந்தேன். நீங்க போலீஸைக் கூப்பிட்டீங்க."

குப்புசாமி எழுந்தார். "நீ எடுத்தது கார்டு இல்லடா. எம் பொண்ணு குரல்."

தீபக் குலுங்கி அழுதான்.

குப்புசாமி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நீ கம்ப்யூட்டர்ல பெரிய வேலை பாக்கறவன். ஒரு கிழவன் சும்மா சும்மா கதவைத் தட்டினா சலிச்சுக்குவியோன்னுதான் வரலடா நானு." சிவப்புப் பெட்டியை எடுத்து அவன் மடியில் வைத்தார். "மணி ஆகப் போகுது, மாட்டு."

தீபக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்குரூவைக் கழற்றினான். கார்டு உட்கார்ந்தது. கேபிள் தன் பழைய இடத்துக்குப் போனது. திரையில் நெடுஞ்சாலை விரிந்தது. அப்படியே நழுவிவிடலாம் என்று வாசல் பக்கம் போனவனைக் குப்புசாமி கூப்பிட்டார்.

"எங்க கிளம்பிட்ட? உங்கிட்டயும் கம்ப்யூட்டர் இருக்குதில்ல? இந்த விஜய்குமாரோட பச்சைக் கார்டை அதுல போட்டுக்க. டிரைவர் போடறது உனக்குத்தான் கைவந்த கலையாச்சே." விஜய்குமாரைப் பார்த்தார். அவன் தோளைக் குலுக்கி, சரி என்றான். "அடுத்த ஞாயித்துக்கிழமையிலிருந்து மூணு லாரி. மனிஷா ஒண்ணு, நான் ஒண்ணு. மூணாவதுக்கு டிரைவர் இல்ல."

தீபக் திரும்பி வந்து பச்சைக் கார்டுப் பெட்டியைக் கையில் எடுத்தான். மாதேவி கேட்டாள்: "ஆமேலே, அப்புறம் ஐயா, அடுத்த வாரம் எத்தனை பேருக்கு அரைக்கணும்?"

"ரெண்டு பேருக்கு" என்றார்.

மோகனப்ரியா படியிறங்கினாள். பொருள் வீட்டிலேயே கிடைத்துவிட்டது, கேஸ் இல்லை என்று எழுதிவிட வேண்டியதுதான். மேலேயிருந்து ஒரு பெண்குரல் ஸ்பீக்கரில் கேட்டது. "அப்பா, முன்னால வளைவு, மெதுவா!"

ஜீப்பில் லிங்கப்பன் இன்னும் குழம்பிக்கொண்டிருந்தான். "மேடம், அந்த டிரைவர் யாருன்னு கடைசிவரைக்கும் தெரியலையே?"

"இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கான் லிங்கப்பா."

சிரித்துக்கொண்டே, அன்றைக்கும் கொண்டுவந்து சீட்டில் போட்டிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கௌரம்மா கடைக்கு விடச் சொல்லலாம் என்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருக்கும்.